அப்சல்யூட் வறுமை, ரிலேட்டிவ் வறுமை: மத்தவங்களைவிட கம்மியா இருந்தா அது எப்படி வறுமை ஆகும்?

நத்தைக்கூடு:
சோசியாலஜி முதல் வருஷம் படிக்கிறேன், அடுத்த வாரம் இன்டர்னல். புக்ல முழுமையான (அப்சல்யூட்) வறுமைன்னா உயிர் வாழத் தேவையானதுகூட கிடைக்காம இருக்கறது, ஒப்பீட்டு (ரிலேட்டிவ்) வறுமைன்னா தன்னோட சமூகத்துல மத்தவங்க வாழற தரத்துக்கு வாழ முடியாம இருக்கறதுன்னு ரெண்டு வரியில முடிச்சிட்டாங்க. மனப்பாடம் பண்ணி எழுதிடலாம், ஆனா எனக்கு ரெண்டு இடம் இடிக்குது. முதல்ல, மத்தவங்களைவிட கம்மியா வச்சிருக்கறது எப்படி வறுமை ஆகும், அதுக்குத்தான் ஏற்றத்தாழ்வுன்னு தனியா ஒரு சாப்டரே இருக்கே? நாளைக்கே எல்லாரும் வசதியாயிட்டாலும் வரிசையில கடைசியா நிக்கறவன் ஏழையா? ரெண்டாவது, முழுமையான வறுமைக்கு எல்லா காலத்துக்கும் எல்லா நாட்டுக்கும் பொருந்தற கோடுன்னு சொல்றாங்க, அந்தக் கோட்டை யார் எதை வச்சுப் போட்டாங்க? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க, விக்கிபீடியா லிங்க் மட்டும் வேணாம் ப்ளீஸ்.

தேன்சிட்டு:
ரெண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கறேன், அதுதான் சுவாரசியமானது. இதுல பாடப்புத்தகம் எல்லாம் முதல்ல சொல்ற பேரு சீபோம் ரவுன்ட்ரீ, இங்கிலாந்துல யார்க் நகரத்துல சாக்லேட் கம்பெனி வச்சிருந்த குடும்பத்துப் பிள்ளை. 1899ல அந்த ஊர்ல கூலித் தொழிலாளர் வீடு வீடா ஆள் அனுப்பி 11,560 குடும்பத்தோட வரவு செலவைக் கணக்கெடுத்தாரு. உடம்பு வேலை செய்யற அளவுக்கு என்ன சாப்பாடு வேணும், அதுக்கு எவ்வளவு ஆகும், கூட வாடகை, துணி, விறகு கரி, அவ்வளவுதான், அஞ்சு பேர் உள்ள குடும்பத்துக்கு வாரத்துக்கு 21 ஷில்லிங் 8 பென்ஸ்னு ஒரு கோடு போட்டாரு. வருமானமே அதுக்குக் கீழ இருந்தா முதல்நிலை வறுமை. வருமானம் எட்டுது, ஆனா அதுல ஒரு பகுதி வேற எதுக்கோ போயி வாழ்க்கை அந்த நிலைக்குக் கீழ கிடக்குதுன்னா இரண்டாம்நிலை வறுமை. 1901ல முடிவு வெளிவந்தப்போ ஊர் ஜனத்தொகையில 27.84 சதவீதம் பேர் ரெண்டுல ஒண்ணுல இருந்தாங்க, முதல்நிலை மட்டும் 9.91.

அந்தக் கோடு எவ்வளவு கறாரானதுன்னு அவரே எழுதி வச்சிருக்காரு, இந்தக் காசுல வாழற குடும்பம் பஸ்சுக்கு செலவு பண்ணக் கூடாது, பேப்பர் வாங்கக் கூடாது, வெளியூர்ல இருக்கற பிள்ளைக்குக் கடுதாசி போட ஸ்டாம்ப் வாங்கக்கூட காசு இருக்காதுன்னு. இவ்ளோ கஞ்சமா போட்டதுக்கும் காரணம் உண்டு, ஏழைங்க ஊதாரிங்க அதான் கஷ்டப்படறாங்கன்னு பேசின ஆளுங்க வாயை அடைக்கணும், இதைவிடக் குறைச்சுக் காட்டவே முடியாதுங்கற அளவுக்குக் குறைச்சும் இத்தனை பேர் கீழ இருக்காங்க பாருன்னு.

ஆனா இதே மனுஷன் 1936ல திரும்ப யார்க்ல சர்வே எடுத்தப்போ ரேடியோ, பேப்பர், பிள்ளைங்களுக்குப் பரிசுப் பொருள் எல்லாம் லிஸ்ட்ல சேர்த்துட்டாரு. முழுமையான வறுமைக்கு அடையாளமா எல்லாரும் காட்டற ஆளே தன் கோட்டை காலத்துக்கு ஏத்த மாதிரி மாத்திட்டாரு. அதனால எல்லா காலத்துக்கும் ஒரே கோடுங்கறதை அப்படியே நம்பிடாதீங்க.

பாய்மரம்:
ஒரு மாத்துக் கருத்து. நத்தைக்கூடு கேட்ட முதல் கேள்விதான் சரியான கேள்வி, அதுக்கு இந்த சப்ஜெக்ட் ஆளுங்க நேரா பதில் சொல்ல மாட்டாங்க. ரிலேட்டிவ் வறுமைங்கறது ஏற்றத்தாழ்வுக்கு வச்ச இன்னொரு பேரு. 1989ல பிரிட்டன்ல சமூகப் பாதுகாப்பு அமைச்சரா இருந்த ஜான் மூர் இதைத்தான் வெளிப்படையா சொன்னாரு, பசி பட்டினி எல்லாம் ஒழிஞ்சு போச்சு, இப்ப வறுமைன்னு நீங்க அளக்கறது வெறும் ஏற்றத்தாழ்வுங்கற ரேஞ்சுல. அரசியல்ல அவரைப் பிடிக்காதவங்க நிறைய பேர் இருக்கலாம், ஆனா லாஜிக் என்ன தப்பு? எல்லார் வருமானமும் ஒரே ராத்திரியில டபுள் ஆச்சுன்னு வைங்க, ரிலேட்டிவ் வறுமை ஒரு புள்ளிகூட குறையாது. அப்படி ஒரு அளவுகோலை வச்சுக்கிட்டு வறுமையை எப்ப ஒழிக்கப் போறீங்க? சாப்பிட வழியில்லாதவனையும் டூர் போக முடியாதவனையும் ஒரே வார்த்தையில கூப்பிடறது முதல் ஆளுக்குப் பண்ற அநியாயம்னு எனக்குப் படுது.

கணக்குப்புலி:
பாய்மரம் சார், டபுள் ஆனா குறையாதுங்கறது கரெக்ட். ஆனா ஏற்றத்தாழ்வும் இதுவும் ஒண்ணுங்கறது கணக்குப்படி நிக்காது. ஐரோப்பிய யூனியன்ல மீடியன் வருமானத்துல 60 சதவீதத்துக்குக் கீழன்னு அளக்கறாங்க, பெரும்பாலும் வசதியான நாடுங்க சேர்ந்த ஓஇசிடி அமைப்பு 50 சதவீதம் எடுத்துக்குது. கவனிங்க, மீடியன், சராசரி கிடையாது. அதாவது எல்லாரையும் வருமான வரிசையில நிக்க வச்சா நட்ட நடுவுல நிக்கற ஆளோட வருமானம்.

அஞ்சே பேர் இருக்கற சமூகம்னு வைங்க, வருமானம் 10, 20, 30, 40, 100. நடு ஆளு 30, அதுல 60 சதவீதம் 18, அப்ப 10 வாங்கறவர் மட்டும் கோட்டுக்குக் கீழ. இப்ப மேல இருக்கறவர் 100லருந்து 1000க்குப் போறாரு. சராசரி 40லருந்து 220க்குத் தாவுது, ஏற்றத்தாழ்வு எங்கயோ போயிடுச்சு, ஆனா மீடியன் அதே 30, கோடு அதே 18, ஏழை அதே ஒருத்தர்தான். இன்னொண்ணு பாருங்க: 20, 25, 30, 40, 1000. பயங்கர ஏற்றத்தாழ்வு, ஆனா 18க்குக் கீழ யாருமே இல்ல, ரிலேட்டிவ் வறுமை பூஜ்யம். அதனால கடைசியா நிக்கறவன் எப்பவுமே ஏழைங்கறதும் தப்பு, ஒழியவே ஒழியாதுங்கறதும் தப்பு. நடுவுல இருக்கறவங்களை விட்டு ரொம்ப தூரம் பின்னாடி போனாதான் இந்தக் கணக்குல வருவீங்க, மேல இருக்கற கோடீஸ்வரனுக்கு இதுல வேலையே இல்ல.

உண்மையான ஓட்டை வேற இடத்துல இருக்கு, அதை நீங்க சொல்லியிருந்தா நானே லைக் போட்டிருப்பேன். பொருளாதார நெருக்கடி வந்து நடுவுல இருக்கறவங்க வருமானம் சரிஞ்சு 10, 15, 16, 20, 50ன்னு ஆகுதுன்னு வைங்க. மீடியன் 16, கோடு 9.6, நம்ம 10 ரூபாய்க்காரர் ஒரு பைசா கூட சம்பாதிக்காமயே வறுமைக்கோட்டுக்கு மேல வந்துட்டாரு! இது கற்பனை இல்ல, 2008 நெருக்கடிக்கு அப்புறம் பிரிட்டன்ல மீடியன் வருமானம் விழுந்தப்போ ரிலேட்டிவ் வறுமை குறைஞ்ச மாதிரி புள்ளிவிவரம் வந்துச்சு.

நத்தைக்கூடு:
அந்த அஞ்சு பேர் கணக்கு சூப்பர் அண்ணே, இப்பதான் மண்டைல ஏறுது. ஆனா 60 சதவீதம்ங்கறது எங்கருந்து வந்துச்சு, ஏன் 55 இல்ல 70 இல்ல? அதுவும் ஒரு ஆள் மனசுக்குத் தோணினதுதானே? அப்புறம் எங்க மேடம் டவுன்சென்ட் டவுன்சென்ட்னு சொல்லிட்டே இருந்தாங்க, அவர் இதுல எங்க வர்றாரு?

பழைய வாத்தியார்:
தம்பி, 60ங்கறது ஒரு வசதிக்கு எடுத்துக்கிட்ட எண், அதுக்குக் கீழ போனா ஒரு மாதிரி மேல போனா ஒரு மாதிரின்னு இயற்கையில எந்த எல்லையும் கிடையாது. வருமானத்தை மட்டும் பார்த்துக்கிட்டு இருந்தா இந்த சிக்கல்லருந்து வெளிய வர முடியாதுன்னுதான் பிரிட்டிஷ் சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்ட் வேற வழியில போனாரு. ஒரு மனுஷனுக்குக் கையில இருக்கற வசதி, அவன் சமூகத்துல சாதாரணமா எல்லாரும் பண்றதுல கலந்துக்க முடியாத அளவுக்குக் குறைஞ்சு போனா அதுதான் வறுமைங்கறது அவர் வாதம். பாய்மரம் தம்பி கவனிக்கணும், இதுல கேள்வி பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட எவ்வளவு இருக்குங்கறது இல்ல, நீ வெளிய தள்ளப்பட்டுட்டியாங்கறது.

1968-69ல பிரிட்டன்ல ரெண்டாயிரத்துக்கும் மேல குடும்பங்கள்கிட்ட சர்வே எடுத்தாரு, 1979ல வெளியிட்டாரு. வாழ்க்கை முறை சம்பந்தமா 60 விஷயம் கேட்டு, அதுல 12ஐ எடுத்து ஒரு இல்லாமைப் பட்டியல் போட்டாரு: கடந்த ஒரு வருஷத்துல ஒரு வாரமாவது வெளியூர்ல போய் லீவு கழிச்சியா, சொந்தக்காரங்க சிநேகிதங்க யாரையாவது வீட்டுக்கு சாப்பிடக் கூப்பிட்டியா, பிள்ளை பிறந்தநாளைக் கொண்டாடினியா, ஃபிரிட்ஜ் இருக்கா இப்படி. வருமானம் குறையக் குறைய இல்லாமை மெதுவா ஏறுது, ஆனா ஒரு கட்டத்துக்குக் கீழ போனா விறுவிறுன்னு ஏறுது, அந்த முறிவுதான் நிஜமான வறுமைக்கோடுன்னு சொன்னாரு. அரசாங்க உதவித்தொகை அளவை வச்சுப் பார்த்தா 6.1 சதவீதம் பேர் ஏழை, இவர் கணக்குல 22.9. ஒரே சர்வே, ஒரே ஜனங்க! வறுமை எவ்வளவுன்னு யாராவது நம்பர் சொன்னா எந்தக் கோடுன்னு முதல்ல கேளுங்க.

இதுக்கு வந்த அடியும் பலமான அடிதான். 1981ல டேவிட் பியாச்சாட்ங்கற ஆராய்ச்சியாளர் கேட்டாரு, பட்டியல்ல சமைச்ச காலை உணவு இருக்கு, வாரத்துல நாலு நாள் கறி இருக்கு, இதெல்லாம் ஒருத்தன் பிடிக்காம விட்டிருக்கலாமே, ருசி வேற இல்லாமை வேறயில்லையான்னு. நியாயமான கேள்வி. 1983ல ஜோனா மேக், ஸ்டூவர்ட் லான்ஸ்லி ரெண்டு பேரும் இதை சரிபண்ணப் பார்த்தாங்க. எது அவசியம்னு ஆராய்ச்சிக்காரன் முடிவு பண்ண வேணாம், ஜனங்ககிட்டயே கேப்போம், பாதிப் பேருக்கு மேல அவசியம்னு சொன்னதுதான் கணக்கு. அப்புறம் உன்கிட்ட இல்லையான்னு கேட்டு நிறுத்தாம, வேணாம்னு விட்டியா வாங்க முடியலையான்னும் கேட்டாங்க. வாங்க முடியாதது மூணு அல்லது அதுக்கு மேலன்னா ஏழை. அப்படியும் சுமார் 75 லட்சம் பேர் வந்தாங்க.

தேன்சிட்டு:
வாத்தியார் சொன்னதோட ஒரு எச்சரிக்கை சேர்த்துக்கோங்க, நியூஸ்ல அப்சல்யூட் வறுமைன்னு வந்தா உடனே ரவுன்ட்ரீ அர்த்தத்துல எடுத்துக்காதீங்க. பிரிட்டிஷ் அரசாங்கம் பல வருஷமா 2010-11 மீடியன்ல 60 சதவீதத்தை எடுத்து, விலைவாசிக்கு மட்டும் திருத்தி, அதுக்குக் கீழ இருந்தா அப்சல்யூட்னு சொல்லிட்டு வந்துச்சு. அது ரிலேட்டிவ் கோட்டைத்தான் ஒரு வருஷத்துல ஆணி அடிச்சு நிறுத்தினது. கணக்குப்புலி சொன்ன அந்த நெருக்கடி ஓட்டையை இது அடைக்குது, ஆனா பட்டினிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. உலக வங்கி கோடு வேற, 1990ல ஒரு நாளைக்கு ஒரு டாலர்னு ஆரம்பிச்சது, 2022ல 2.15, 2025 ஜூன்ல 3 டாலர். அதையும் ரொம்ப ஏழை நாடுங்க தங்களுக்குப் போட்டுக்கிட்ட கோடுகளைப் பார்த்துத்தான் எடுத்தாங்க, எந்த டாக்டரும் உடம்பை அளந்து சொன்னதில்ல.

பாய்மரம்:
மீடியன் விஷயம் ஓகே, கணக்கு புரிஞ்சுது. ஆனாலும் லிஸ்ட்டை ஜனங்க ஓட்டுப் போட்டு முடிவு பண்ணினா ஜனங்க ஆசை ஏற ஏற ஏழைங்க எண்ணிக்கையும் ஏறும். ஒரு தரையாவது நிலையா வேணாமா?

பழைய வாத்தியார்:
அந்தத் தரையைத்தான் அமர்த்தியா சென் 1983ல தேடினாரு. அவர் பிடிச்ச நூல் ஆடம் ஸ்மித்தோடது: கிரேக்கரும் ரோமானியரும் லினன் துணியே இல்லாம நல்லாத்தான் வாழ்ந்தாங்க, ஆனா தன் காலத்து ஐரோப்பாவுல தினக்கூலி கூட லினன் சட்டை இல்லாம நாலு பேர் முன்னாடி வர வெக்கப்படுவான்னு 1776லயே ஸ்மித் எழுதிட்டாரு. சென் இதை ரெண்டாப் பிரிச்சாரு. வெக்கமில்லாம வெளிய தலை காட்ட முடியணும்ங்கறது எல்லா காலத்துக்கும் பொது, அது முழுமையானது. அதுக்கு என்ன பொருள் வேணும்ங்கறது இடத்துக்கு இடம் மாறும், அது ஒப்பீடு. பொருளை எண்ணினா ரிலேட்டிவ், மனுஷனால என்ன செய்ய முடியுதுன்னு பார்த்தா அப்சல்யூட். டவுன்சென்ட் இதை ஒத்துக்கல, தேவையே சமூகம் உண்டாக்கறதுதான், அடியில நிலையான தரைன்னு ஒண்ணு கிடையாதுன்னு 1985ல பதில் எழுதினாரு. நத்தைக்கூடு தம்பி, பரீட்சையில ரெண்டு வரையறையையும் எதிரெதிரா வச்சுட்டு நிறுத்திடாம இந்த சண்டையையும் எழுதுங்க. என்னைக் கேட்டா சென் பக்கம்தான் சாய்வேன், ஆனா அந்த முழுமையான பகுதியை எப்படி அளக்கறதுன்னு வந்தா திரும்ப ஏதோ ஒரு பட்டியல்லதான் போய் நிக்கணும், அங்க பாய்மரம் தம்பி கேட்ட கேள்வி அப்படியே உயிரோட இருக்கு.