அலி ரெசா பஹ்லவிக்கு அஞ்சலி செலுத்தலாமா?

சிறுவாணி:
இன்று ஜனவரி 4. 2011இல் இதே நாளில்தான் ஈரானின் கடைசி மன்னர் முகமது ரெசா ஷாவின் இளைய மகன் அலி ரெசா, பாஸ்டனில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 44. அதற்குப் பத்து வருடம் முன்னால், 2001 ஜூனில், கடைக்குட்டி லெய்லா லண்டனில் ஓர் ஓட்டல் அறையில் இறந்துகிடந்தார். அவருக்கு 31 வயதுதான்.

1979இல் புரட்சியின்போது குடும்பம் நாட்டை விட்டுக் கிளம்பியபோது அலி ரெசாவுக்குப் பன்னிரண்டு, லெய்லாவுக்கு எட்டு. எகிப்து, மொராக்கோ, பஹாமாஸ், மெக்சிகோ, நியூயார்க், பனாமா, மறுபடி எகிப்து என்று அப்பா புற்றுநோயோடு அலைந்தார். 1980 ஜூலையில் கெய்ரோவில் கண்ணை மூடினார்.

அலி ரெசா பிரின்ஸ்டனிலும் கொலம்பியாவிலும் படித்துவிட்டு, ஹார்வர்டில் பண்டைய ஈரானைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தார். கால் வைக்க முடியாத சொந்த நாட்டின் ஆதிக் காலத்தை நூலகத்தில் உட்கார்ந்து படித்தவர். தன் உடலை எரித்து, சாம்பலைக் காஸ்பியன் கடலில் கரைக்க வேண்டும் என்பது அவர் கடைசி ஆசை என்று குடும்பம் அறிவித்தது. அவர் போய் ஆறு மாதம் கழித்து மகள் பிறந்தாள். அந்தக் குழந்தையின் பெயரிலும் ஒரு லெய்லா இருக்கிறாள்.

இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் ஃபராவை நினைத்தே இதை நம் மன்றத்தின் அஞ்சலிப் பகுதியில் போடுகிறேன்.

செங்காந்தள்:
சிறுவாணி அக்கா, இறந்துபோனவரை ஏச நான் வரவில்லை. அந்தச் சாவு கொடுமைதான். ஆனால் இது அஞ்சலிப் பகுதியில் ஏன் இருக்கிறது? அவர் மன்னர் மகன் என்பதால்தானே நமக்கு அவர் பெயரே தெரிகிறது?

1975 ஏப்ரலில், ஷா ஆட்சியில், தெஹ்ரானின் எவின் சிறைக்கு மேலே உள்ள மலையில் இடதுசாரி பிஜன் ஜசானி உட்பட ஒன்பது கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஏற்கெனவே தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தவர்கள். தப்பியோடப் பார்த்தார்கள் என்று அரசு சொன்னது. இந்தப் பகுதியை முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டேன், அந்த ஒன்பது பேருக்கு ஒரு வரி கிடையாது.

மொசாதெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வளத்தை நாட்டுடைமை ஆக்கிய பிரதமர். 1953இல் அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து கவிழ்த்தன. மூன்று வருடச் சிறை, அப்புறம் சாகும்வரை அகமதாபாத் கிராமத்தில் வீட்டுக்காவல். 1967 மார்ச் 5ஆம் தேதி இறந்தார். 1952 ஜூலையில் தனக்காகத் தெருவில் இறங்கிச் செத்தவர்களின் பக்கத்தில் புதைக்கச் சொல்லியிருந்தார். ஷா சம்மதிக்கவில்லை. வீட்டுக்குள்ளேயே, சாப்பாட்டு அறைத் தரையைத் தோண்டிப் புதைத்தார்கள். ஒரு கிழவரின் பிணத்துக்குப் பயந்த ஆட்சி அது. அந்த ஆட்சியின் வாரிசுக்கு நாம் ஏன் மாலை போட வேண்டும்?

சிறுவாணி:
தம்பி, 1975 ஏப்ரல் என்றீர்கள். அந்த மாதம்தான் அலி ரெசாவுக்கு ஒன்பது வயது நிறைந்தது. எவின் மலையில் நடந்ததற்கு அந்தப் பையன் பதில் சொல்ல வேண்டுமா? அப்பா செய்த பாவம் பிள்ளை தலையில் என்று பேசினால், அரசனுக்குப் பிறந்தவன் அரசன் என்ற அதே கணக்கைத்தான் நீங்களும் போடுகிறீர்கள்.

வெண்ணிலா77:
சாம்பல் விஷயம் புதிதாக இருக்கிறது. முஸ்லிம் குடும்பத்தில் உடலை எரிப்பதா? இஸ்லாமுக்கு முன் ஈரானில் இருந்த ஜொராஸ்திர மத வழக்கப்படி கேட்டிருப்பாரோ?

ஏட்டுச்சுவடி:
இல்லைங்க. ஜொராஸ்திர மரபில் நெருப்பு புனிதம். பிணம் அதைத் தொட்டால் தீட்டு. அதனால்தான் உயரமான கல் வட்டங்களில் உடலைக் கிடத்திப் பறவைகளுக்கு விட்டார்கள். யஸ்த் ஊருக்கு வெளியே அந்தக் கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. இது அவருடைய சொந்த விருப்பம் என்று விட்டுவிடலாம்.

கடலூர்க்காரன்:
அலி ரெசா இறந்தபோது நான் லாஸ் ஏஞ்சலஸில் இருந்தேன். வெஸ்ட்வுட் தெரு முழுக்க ஈரானியர் கடைகள்தான். வழக்கமாகக் குங்குமப்பூ ஐஸ்கிரீம் வாங்கும் கடைக்கு அந்த வாரம் போனேன். கல்லாவுக்குப் பின்னால் ஷா குடும்பத்தின் பழைய படம் எப்போதும் மாட்டியிருக்கும். அன்று அதன் ஓரத்தில் கறுப்பு ரிப்பன். கல்லா மேல் ஒரு தட்டு அல்வா. நம் ஊர் அல்வா மாதிரி இல்லை. மாவை நெய்யில் கருகருவென்று வறுத்து, பன்னீரும் குங்குமப்பூவும் சேர்த்துக் கிண்டி, தட்டில் பரப்பிக் கரண்டி முனையால் வரி வரியாக அழுத்தியிருந்தார்கள். இழவு வீட்டில் கொடுப்பது. வந்தவர்களுக்கெல்லாம் கடைக்காரர் ஒரு கரண்டி நீட்டினார், நானும் வாங்கினேன்.

எனக்குப் பின்னால் ஒரு வயதான டாக்சி ஓட்டுநர், அவரும் ஈரானியர். அல்வாவை நீட்டியதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவருடைய அண்ணன் ஷாவின் ரகசியப் போலீசான சவாக்கிடம் மாட்டி எவினில் இருந்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. படத்தை நிமிர்ந்து பார்த்து, "கொதா பியாமொர்ஸதெஷ்" என்று மட்டும் சொன்னார். கடவுள் அவனை மன்னிக்கட்டும் என்று அர்த்தம், செத்தவர் யாராக இருந்தாலும் சொல்வது. அப்புறம் வாங்க வந்த ரொட்டியைக்கூட வாங்காமல் போய்விட்டார்.

கடைக்காரர் அவரைத் தடுக்கவில்லை. கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு அழுதார். மன்னராட்சி எனக்கும் பிடிக்காது செங்காந்தள். ஆனால் அந்த மனிதர் நாடகம் ஆடவில்லை. அவர் அழுதது தான் விட்டு வந்த வீட்டுக்காகவும்தான்.

செங்காந்தள்:
கடலூர் அண்ணே, நானாக இருந்தாலும் அந்த அல்வாவைத் தொட்டிருக்க மாட்டேன்.

தனிமனிதர் அழுவதை யார் தடுக்கப் போகிறார்கள்? ஈரானில் இழவு எப்போதுமே அரசியல், அதைத்தான் சொல்கிறேன். 1978 ஜனவரியில் கும் நகரில் ஊர்வலம் போனவர்களைச் சுட்டார்கள். நாற்பதாம் நாள் துக்கத்துக்கு தப்ரீஸில் கூடினார்கள், அங்கேயும் சூடு. அந்தச் சாவுகளுக்கு நாற்பதாம் நாள் யஸ்தில். இப்படி நாற்பது நாற்பதாக எண்ணித்தான் ஷாவை இறக்கினார்கள். இன்று பஹ்லவி பெயரில் துக்கம் கொண்டாடும்போது பின்னாலேயே அந்த மன்னராட்சிக் கொடியும் வருகிறது. சவாக்கை மறந்துவிட்டு "அந்தக் காலம் பொற்காலம்" என்று பேசும் கூட்டம் பெருகுகிறது. எனக்குப் பயமே அதில்தான்.

சிறுவாணி:
அந்தப் பயம் நியாயம். ஆனால் ஷாவுக்கு அப்புறம் வந்தவர்கள் என்ன செய்தார்கள்? 1980இல் ஷாவின் அப்பா ரெசா ஷாவின் கல்லறையை இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். சரி, அது மன்னர் கல்லறை. 1988இல் ஆயிரக்கணக்கான அரசியல் கைதிகளைக் கொன்றார்களே, அதில் உங்கள் தோழர்களும்தானே இருந்தார்கள்? தெஹ்ரான் ஓரத்தில் காவரான் என்ற வெற்றுத் தரையில் புதைத்தார்கள். பூ வைக்கப் போன தாய்மார்களை விரட்டினார்கள். 2022இல் ஹிஜாப் விவகாரத்தில் போலீஸ் காவலில் இறந்த மஹ்சா அமினியின் நாற்பதாம் நாளுக்கு, அவர் ஊரான சக்கெஸின் கல்லறைத் தோட்டத்துக்குச் சாலையை விட்டு இறங்கி, வயல் வழியாகக்கூட ஜனங்கள் நடந்தே போனார்கள்.

யாருக்கு அழலாம் என்று அதிகாரத்தில் இருப்பவன் சொல்வதை ஷா காலத்திலும் பார்த்தாயிற்று, இப்போதும் பார்க்கிறோம். அதே வேலையை நாமும் செய்ய வேண்டாம் என்றுதான் கெஞ்சுகிறேன். துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் அங்கே ஒன்று சொல்வார்கள்: "இதுவே உங்கள் கடைசித் துக்கமாக இருக்கட்டும்." லெய்லாவைப் பாரிஸில் பாசி கல்லறையில், பாட்டிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்த நாளில் ஃபராவிடம் எத்தனை பேர் அதைச் சொல்லியிருப்பார்கள்! பலிக்கவில்லையே.

செங்காந்தள்:
காவரானை நான் மறக்கவில்லை அக்கா. அந்தத் தாய்மார்களுக்கு அழ ஒரு கல்லாவது வேண்டும் என்றுதான் இத்தனை நாளாக எழுதுகிறேன். ஃபராவுக்குப் பாசியில் ஒரு கல் இருக்கிறது, கெய்ரோவில் கணவருக்கு ஒரு மசூதிக்குள்ளேயே கல்லறை இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலையில் போய்ப் பூ வைக்கிறார். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனசு வராது.

சிறுவாணி:
தராசே வேண்டாம் என்கிறேன். இன்னும் இரண்டு மாதத்தில் மார்ச் 5 வருகிறது. மொசாதெக் இழையை நீங்களே தொடங்குங்கள், ஜசானியையும் மற்ற எட்டுப் பேரையும் அதில் பெயர் சொல்லி எழுதுங்கள். முதல் ஆளாக நான் வந்து பதிவு போடுகிறேன். இந்த இழை மட்டும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

செங்காந்தள்:
எழுதுகிறேன். ஒன்பது பேர் பெயரும் என்னிடம் இருக்கிறது. இந்த இழையை மாற்றச் சொல்லி நெறியாளருக்கு அனுப்பியதைத் திரும்பப் பெற்றுவிட்டேன். அலி ரெசாவுக்கு அந்த ஓட்டுநர் சொன்னதைத்தான் நானும் சொல்வேன், கொதா பியாமொர்ஸதெஷ். அஞ்சலி என்ற சொல்லை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.