நேர்மை அங்காடியில் கணக்கு உதைக்கிறது, வழி சொல்லுங்கள்

பள்ளியில் ஆளில்லாக் கடை நடத்தியவர்கள் உதவ வேண்டும். இடம் திருச்சி பக்கம். 8, 9ஆம் வகுப்பு, சுமார் 140 பிள்ளைகள். பேனா, பென்சில், நோட்டு, விலைப்பலகை, உண்டியல். அவ்வளவுதான்.

ஜூனில் தொடங்கி ஐந்து வாரம் பைசா பிசகவில்லை. ஆகஸ்டிலிருந்து வாரம் 60, 70 ரூபாய் குறைகிறது. 20 ரூபாய் நோட்டுப் புத்தகத்தில் குறைவே இல்லை. 3 ரூபாய் பென்சில், 7 ரூபாய் பேனாவில்தான் ஓட்டை. அதனால் திருட்டைவிடச் சில்லறை மேல்தான் சந்தேகம். பத்து ரூபாய் போட்டு மீதி கிடைக்காத பிள்ளை, 'அப்புறம் சரிக்கட்டலாம்' என்று இன்னொரு பேனாவை எடுக்கிறது. அந்த அப்புறம் வருவதில்லை.

உண்டியலுக்கு மேல் கண்கள் படம் ஒட்டினோம். 2006இல் நியூகாசில் பல்கலைக்கழகத் தேநீர் உண்டியலில், பூப்படம் இருந்த வாரங்களைவிடக் கண்கள் இருந்த வாரங்களில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு சேர்ந்ததாம். இங்கே இரண்டே வாரம் பலித்தது. சில்லறைத் தட்டு வைத்தோம், தட்டே காலி. எடுத்ததை எழுதச் சொன்னோம். மணி அடித்ததும் எழுதாமல் ஓட்டம். பற்றாக்குறையைப் பலகையில் எழுதியதுதான் பெரிய தப்பு: 'எல்லாருந்தான் எடுக்கறாங்க' என்றாகி அந்த வாரம் 110 ரூபாய் போயிற்று.

கேமரா வேண்டாம். வைத்தால் அது நேர்மை அங்காடியே இல்லை.

எல்லாவற்றையும் 5, 10 ரூபாய்ப் பொட்டலமாகக் கட்டி வைத்து யாருக்காவது குறைவு நின்றிருக்கிறதா?