சின்போவின் ‘பி’க்கு ‘ஏற்றவற்றம்’

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு வானொலி நிலையம் நம் ஊரில் எப்படிக் கேட்டது என்று நேயர் எழுதி அனுப்பும் ரிசப்ஷன் ரிப்போர்ட் படிவத்தைத் தமிழாக்கும் வேலை, ஐந்து எழுத்துகளுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடும் சின்போ (SINPO) குறியீட்டின் நான்காம் எழுத்தில் வந்து நிற்கிறது. வலிமை, குறுக்கீடு, இரைச்சல், மொத்தத் தரம் என்ற நான்கும் முடிவாகிவிட்டன. ‘பி’க்கு (propagation) கோவைத் தம்பி ‘பரவல்’ என்றும், காரைக்குடி ஐயா ‘மங்கல்’ என்றும் எழுதியிருந்தார்கள். இரண்டையும் பாளையங்கோட்டையில் இரவு நேரச் சிற்றலையோடு (ஷார்ட் வேவ்) வைத்துப் பார்த்தேன். இரண்டுமே எனக்குப் பொருந்தவில்லை.

‘பரவல்’ நல்ல சொல். அலை செல்லும் முறை முழுவதற்கும் அது வேண்டும். ஆனால் ‘பி’ எழுத்தில் நாம் மதிப்பெண் கொடுப்பது பரவலுக்கு அன்று, பரவலில் நேரும் குலைவுக்கு. 5 என்றால் குலைவே இல்லை. 1 என்றால் மிகக் கடுமை. ‘பரவல் 1’ என்று படிப்பவர் அலை வந்தே சேரவில்லை என்றுதான் நினைப்பார்.

அந்தக் குலைவு பெரும்பாலும் ஆங்கிலத்தில் ‘ஃபேடிங்’ எனப்படுவதுதான். அதற்கு ‘மங்கல்’ ஒருவழிச் சொல். விளக்கு மங்கினால் மங்கியதுதான். 31 மீட்டர் சிற்றலை வரிசையில் ஒரு நிலையத்தைப் பிடித்து உட்கார்ந்திருப்பவருக்கு நடப்பது வேறு. குரல் அமிழ்ந்து போகும், சற்று நேரத்தில் முழு பலத்தோடு மேலே வரும், மறுபடி அமிழும். எங்கள் ஊரில் பக்கத்தில் இருப்பவர் கேட்டால், “சத்தம் போய்ப் போய் வருதுல்லா” என்பார். காரணமும் அப்படித்தான். ஒரே நிலையத்தின் அலை, வானில் உயரே மின்னூட்டம் பெற்ற காற்றாலான அயனி மண்டலத்தில் ஒருமுறை எதிரொளித்தும், இருமுறை எதிரொளித்தும் பல வழிகளில் நம் ஏரியலுக்கு வருகிறது. எதிரொளிக்கும் உயரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. வழிகளின் நீளம் மாறிக்கொண்டே இருக்கிறது. முகடும் முகடும் சேர்ந்தால் ஒலி ஏறுகிறது, முகடும் அகடும் சேர்ந்தால் இறங்குகிறது. ஏறுவதும் இந்த நிகழ்வில் பாதி. அதை விட்டுவிடும் சொல் எப்படி நிற்கும்?

ஐயாவின் ‘மங்கலை’ வீணாக்க வேண்டாம். பகலில் அயனி மண்டலத்தின் அடிப்பகுதியான டி அடுக்கு மத்திய அலையையும் தாழ்ந்த அதிர்வெண் சிற்றலைகளையும் உறிஞ்சிவிடுகிறதே, அந்த மெலிவுக்கு அது நன்றாகவே பொருந்தும்.

என் பரிந்துரை ‘ஏற்றவற்றம்’. கடல் நீர் ஏறுவதையும் வற்றுவதையும் சேர்த்துச் சொல்லும் பழைய சொல். பாடநூல்கள் அதற்கு ‘ஓதம்’ என்பதை எடுத்துக்கொண்டதால் கலைச்சொல் பட்டியல்களில் இதற்கு இடம் இருக்கிறது. இரு திசையும் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. ‘ஃபேடிங்’ என்றே விட்டுவிடலாம் என்ற சென்னைச் சகோதரிக்கு ஒன்று சொல்ல வேண்டும்: ரேடியோவும் ஏரியலும் நம்மோடு பழகிவிட்டன, அவற்றை மாற்ற எனக்கும் விருப்பமில்லை. ஆனால் முதன்முதலாகச் சிற்றலை கேட்கும் பள்ளி மாணவருக்கு அந்தச் சொல் எதையும் காட்டாது.

குரல் மிக வேகமாக வெட்டுப்பட்டு வரும் ஃபேடிங்குக்கு இன்னொரு சொல்லும் வேண்டும். இதை நெல்லைக்காரர்கள் சொல்லாமல் யார் சொல்வது? பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக இருக்கும் காந்த நடுக்கோடு எங்கள் பக்கமாகத்தான் போகிறது. அதனால்தான் திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருக்கிறது; அங்குள்ள கோயிலில் சிற்பம் பார்க்க வருகிறவர்களில் பலருக்கு இது தெரியாது. பொழுது சாய்ந்ததும் இந்தக் கோட்டின் மேலே அயனி மண்டலத்தின் மேல் அடுக்கான எஃப் அடுக்கு சட்டென உயரும். அதன் அடிப்பகுதி நிலைகுலைந்து, அடர்த்தி குறைந்த குமிழிகள் மேலே கிளம்பும். காந்தக் கோடுகளை ஒட்டி அவை வடக்கு தெற்காக நீண்டுவிடும். அவற்றின் ஊடே வரும் அலை சிதறி, அறிவிப்பாளரின் குரல் நொடிக்குப் பல முறை வெட்டுப்பட்டு வரும். மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும் இது அதிகம். சூரியப் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் இன்னும் அதிகம். வடநாட்டு நேயர்கள் இதை எங்கள் அளவுக்குக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இதையும் ஏற்றவற்றம் என்றால் பொருந்தாது, அவ்வளவு வேகம். ‘குரல் நடுங்குது’ என்றுதான் வாயில் வருகிறது. ஆகவே ‘நடுக்கம்’. ‘படபடப்பு’ மனத்துக்குப் போய்விடும், வேண்டாம். இரண்டையும் பிரிப்பதற்குப் படிவத்திலேயே ஆதாரம் உண்டு: சின்போவின் நீண்ட வடிவமான சின்ப்ஃபெமோவில் (SINPFEMO) இந்த ஏற்ற இறக்கத்தின் வேகத்துக்கென்றே தனி எழுத்து இருக்கிறது.

படிவத்தில் இப்படி அச்சிடலாம்: “ஏற்றவற்றம்: 5 இல்லை, 4 சிறிது, 3 நடுத்தரம், 2 கடுமை, 1 மிகக் கடுமை. நடுக்கம் இருந்தால் குறிப்பில் எழுதவும்.”

செலக்டிவ் ஃபேடிங்குக்கு மட்டும் எனக்குச் சொல் அமையவில்லை. நிலையத்தின் அடிப்படை அலையான சுமப்பலையும், பேச்சைத் தாங்கி அதன் இருபுறமும் வரும் பக்கப் பட்டைகளும் ஒன்றாக அமிழாமல் ஒன்று அமிழ மற்றொன்று நிற்க, பேச்சு கோணிக் குழறி வருமே, அது. ‘தேர்ந்த’, ‘தெரிவு’ என்று தொடங்குபவை எல்லாம் யாரோ உட்கார்ந்து தேர்ந்தெடுப்பது போல ஒலிக்கின்றன. ‘பகுதி ஏற்றவற்றம்’ என்று எழுதிப் பார்த்தேன், நீளம். காரைக்குடி ஐயா இதற்கு ஒரு வழி சொல்ல வேண்டும்.