ராப்பரும் தயாரிப்பாளரும் சேர்ந்த அல்பம்: விமர்சனத்தில பீட்டைப் பற்றி என்ன எழுதுறது?

காலிவீதி_கசட்:
கொழும்பில ஒரு ராப்பரும் ஒரு தயாரிப்பாளரும் சேர்ந்து போட்ட தமிழ் அல்பத்துக்கு 600 சொல்லில விமர்சனம் எழுத வேணும். வரிகளைப் பற்றி எழுத வருது. பீட்டுக்கு, அதாவது ராப்புக்குப் பின்னால ஓடுற இசைக்கு, வந்தால் 'கலக்கல்' எண்டதோட பேனை நிண்டுடுது. ராப்பர் எம்எஃப் டூமும் தயாரிப்பாளர் மேட்லிப்பும் செய்த மேட்வில்லனி அல்பம் (2004) அமெரிக்காவின்ர பில்போர்ட் 200 பட்டியலில 179ஆம் இடத்துக்கு மேல ஏறேல்ல, ஆனா விமர்சகர்களின்ர புள்ளியைச் சேர்த்துப் போடுற மெட்டாகிரிட்டிக்கில 100க்கு 93. விமர்சகர்கள் அதில எதைக் கேட்டவை?

கொட்டாஞ்சேனை_பேஸ்:
புள்ளியை விடுங்கோ தம்பி, அல்பத்தின்ர அமைப்பைப் பாருங்கோ. 22 ட்ராக், 46 நிமிசம். கோரஸ் அநேகமா இல்லை. ஒரு பீட் பழக முதலே அடுத்தது வந்துடும். விமர்சகர்கள் திரும்பத் திரும்பப் பாராட்டினது இந்தச் சிக்கனத்தைத்தான். இன்னொண்டு: டெமோ, வெளியீட்டுக்கு ஒரு வருசத்துக்கு மேல முந்தியே கசிஞ்சுது. பிறகு டூம் குரலைத் தாழ்த்தி, ஆறுதலாத் திரும்பப் பதிஞ்சவர். ரெண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கோ, குரல் பீட்டுக்குள்ள எங்க இருக்க வேணும் எண்டது விளங்கும்.

உங்கட அல்பத்துக்கு பிபிஎம் (நிமிசத்துக்கு எத்தினை தட்டு) எடுத்து, பார் (நாலு தட்டுச் சேர்ந்தது ஒண்டு) எண்ணுங்கோ. 90 பிபிஎம்மில 16 பார் கிட்டத்தட்ட 43 செக்கன். அவ்வளவு நேரமும் பீட்டில ஒரு மாற்றமும் இல்லாட்டி, அது வேணுமெண்டு விட்டதா, சோம்பலா எண்டு எழுதலாம். தமிழுக்கு இன்னொரு சிக்கல்: ஒரு பாரைப் பதினாறாப் பிரிச்சா அசை வைக்க 16 இடம்தான். 'போய்க்கொண்டிருக்கிறான்' அதில ஆறைத் தின்னும், 'போறான்' ரெண்டு. ஹைஹெட்டை (ட்ரம்ஸில 'ட்ஸ் ட்ஸ்' எண்டு கேக்கிற சின்னத் தாளம்) நெருக்கமா அடுக்கின தயாரிப்பாளரிட்ட எழுத்துத் தமிழில ராப் பண்ணினால் சொல் எல்லாம் நசுங்கும். எதுகையையும் கவனியுங்கோ. அது அடியின்ர தொடக்கத்தில வரும், பெரும்பாலும் கிக்கோட (ட்ரம்ஸின்ர 'டும்'). அடியின்ர முடிவில வாற இயைபு நாலாவது தட்டில, ஸ்னேரோட ('டக்'). ரெண்டில எதுக்கு பீட் இடம் விடுது எண்டு சொன்னாலே உங்கட விமர்சனத்தில பாதி முடிஞ்சுது.

வெள்ளவத்தை_லூப்:
அது 'வாடகை' பீட்டா எண்டும் பாருங்கோ. இணையத்தில லைசன்ஸ் எடுத்த ஒற்றை எம்பி3 எண்டா ட்ரம்ஸ், பேஸ் தனித்தனியாக் கிடையாது. முழுப் பீட்டையும் நிப்பாட்டலாம். பேஸை மட்டும் எடுத்து, ஒரு சொல்லுக்குக் கீழ கிக்கைச் சுத்தமா விடுறது கஷ்டம். அப்படி நுணுக்கமான வெட்டு அல்பம் முழுக்க இல்லையெண்டா, ரெண்டு பேரும் ஒரு அறையில இருந்து செய்த வேலையோ எண்டு சந்தேகப்படலாம். சந்தேகம்தான், தீர்ப்பில்லை.

ஃபோன் ஸ்பீக்கரில கேட்டு 'பேஸ் இல்லை' எண்டு எழுதிப்போடாதேங்கோ, 808 எண்ட பேஸ் ட்ரம்மின்ர ஆழமான சத்தம் அதில வராது. த்ரீவீலில பூட்டின சப்வூபர் எதிர்ப்பக்கம் ஏமாத்தும். ஹெட்ஃபோனில, குறைஞ்ச சத்தத்தில கேளுங்கோ. குரல் புதைஞ்சிருந்தா மிக்ஸிங் (குரலையும் பீட்டையும் அளவாக் கலக்கிற வேலை) ஆர் எண்டு பார்த்திட்டுத் திட்டுங்கோ. பல நேரம் அது மூண்டாவது ஆள்.

பம்பலப்பிட்டி_16பார்:
ஒரே தயாரிப்பாளர் எண்டதே தகுதியில்லை. ராப்பர் நாஸ், தயாரிப்பாளர் ஹிட்-போய் சோடியின்ர கிங்ஸ் டிசீஸ் (2020) நாஸுக்கு முதல் கிராமி விருதைக் குடுத்தது. 'நாஸுக்குப் பீட் தெரிவு செய்யத் தெரியாது' எண்ட பழைய முறைப்பாடும் அடங்கிச்சு. ஆனா 2023க்குள்ள அந்தச் சோடி ஆறு அல்பம்! கடைசி ரெண்டில ட்ரம்ஸ் எனக்கு அலுத்துப்போச்சு. உங்கட ஆக்கள் முந்தியும் சேர்ந்து செய்திருந்தா, பழைய வேலையோட ஒப்பிட ஒரு 150 சொல் ஒதுக்குங்கோ.