நமீபியா: குட்டையோரத்து ராத்திரியும் கடலோரத்து ஊர்களும்

நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்காவில் சிங்கம் பார்த்த கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்குச் சிங்கம் தூரத்தில் முதுகு காட்டிப் படுத்திருந்ததோடு சரி. நான் சொல்ல வந்தது காண்டாமிருகம் பற்றி.

பூங்காவுக்குள் பயணிகள் தங்கும் ஒகாகுவேயோ முகாமில் அறை எடுத்தால் அறையிலிருந்து நடந்தே தண்ணீர்க் குட்டைக்குப் போய்விடலாம். ராத்திரி முழுக்க விளக்கு எரியும். குறுக்கே ஒரு தாழ்வான கல்சுவர், இந்தப் பக்கம் பெஞ்சுகள். பகலில் வண்டியை விட்டுக் கீழே இறங்கக் கூடாது, பொழுது சாய்ந்தால் முகாம் கேட்டைப் பூட்டிவிடுவார்கள் என்பதால், இருட்டுக்குப் பிறகு நாமாகப் பார்க்கக் கிடைப்பது இந்தக் குட்டை மட்டும்தான். கறுப்புக் காண்டாமிருகம் ஒன்று குட்டியோடு வந்தது. நாலடி வைக்கும், நிற்கும், காதைத் திருப்பும், மறுபடி நாலடி. தண்ணீரில் வாய் வைத்ததும் அது உறிஞ்சும் சத்தம் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. அப்புறம் யானைக் கூட்டம் வந்தது. எட்டோஷா மண் பூசி எல்லாமே வெள்ளை வெளேரென்று இருந்தன. ஒரு பெரிய பெண் யானை காதை விரித்து ஓரடி எடுத்து வைத்ததுதான் தாமதம், காண்டாமிருகம் குட்டியைக் கூட்டிக்கொண்டு ஒதுங்கிவிட்டது. யானைகள் குடித்து முடித்துப் போகும்வரை அம்மாவும் குட்டியும் இருட்டின் ஓரத்தில் காத்து நின்றன. பெஞ்சில் இருந்த ஒருவரும் எழவில்லை.

எட்டோஷா உப்பு வெளி மட்டும் ஏறக்குறைய 4,800 சதுர கிலோமீட்டர். கண்ணுக்கு எட்டியவரை வெறும் வெள்ளை. அதன் தெற்கு ஓரத்து ஊற்றுகளை நம்பித்தான் வறண்ட மாதங்களில் அத்தனை விலங்கும் அங்கே வந்து கூடுகின்றன. சும்மா சுற்றி அலைவதைவிட ஒரு குட்டையருகே இஞ்சினை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருங்கள் என்பேன்.

அங்கிருந்து ஸ்வாகோப்முண்ட். நமீபியா ஜெர்மன் காலனியாக இருந்தபோது, 1892-இல் ஜெர்மானியர்கள் துறைமுகத்துக்காக அமைத்த ஊர். பாலைவனத்தை ஒட்டியிருந்தும் காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. குளிர்ந்த கடலிலிருந்து மூடுபனி ஏறி வரும். மணல்மேட்டில் வழிகாட்டி ஒரு பல்லியைக் காட்டினார். உடம்பு கண்ணாடி மாதிரி, விரல்களுக்கு நடுவே ஜவ்வு. கண்ணில் படியும் பனியை நாக்கால் நக்கிக் குடித்துவிடுமாம். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது நாக்கை நீட்டிக் கண்ணைத் துடைத்தது.

மத்தியானம் ஊரோரக் கல்லறைக்குப் போனோம். ஜெர்மானியர் பகுதியில் பளிங்குக் கற்களும் பெயர்களும் இருக்கின்றன. பக்கத்திலேயே வெறும் மணலில் தாழ்ந்த மேடுகள், வரிசை வரிசையாக. பெரும்பாலானவற்றில் பெயர் இல்லை. இந்த நாட்டு மக்களான ஹெரேரோ, நாமா இனத்தாரை ஜெர்மானியர்கள் அடைத்துவைத்த சிறை முகாம் ஒன்று இந்த ஊரில் இருந்தது. அதில் செத்தவர்களைத்தான் இந்த மேடுகளில் புதைத்திருக்கிறார்கள். 1904-இல் வாட்டர்பெர்க் சண்டைக்குப் பிறகு, தங்கள் ஆட்சியை எதிர்த்து எழுந்த ஹெரேரோக்களை ஒமாஹெகே பாலைவனத்துக்குள் துரத்திவிட்டு, அவர்கள் திரும்பிவர முடியாதபடி தண்ணீர்க் குட்டைகளுக்கு ஜெர்மன் படை காவல் போட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் தாகத்திலேயே செத்தார்கள். எட்டோஷாக் குட்டையைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு இதைக் கேட்டபோது வயிற்றைப் பிசைந்தது. அது இனப்படுகொலைதான் என்று ஜெர்மன் அரசு சொன்னது 2021-இல். மணல்மேட்டு வண்டிச் சவாரிக்கு நேரம் ஒதுக்குகிறவர்கள் இங்கேயும் ஒரு மணி நேரம் போய்வாருங்கள். ஊரின் அழகான பழைய கட்டடங்களை மட்டும் படமெடுத்துத் திரும்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தெற்கே லூடரிட்ஸ் போனாலும் இதே கதைதான். அங்குள்ள ஷார்க் தீவிலும் அப்படியொரு முகாம் இருந்தது. அந்த இடத்தில் இப்போது கூடாரம் போட்டுத் தங்கலாம் என்கிறார்கள். எங்களுக்கு மனசு வரவில்லை, ஊருக்குள் அறை எடுத்துக்கொண்டோம்.

லூடரிட்ஸை ஒட்டிய கோல்மன்ஸ்கோப், ஆள் இல்லாமல் கைவிடப்பட்ட பழைய வைரச் சுரங்க ஊர். வீட்டுக்குள் முட்டளவு மணல். கதவுகள் பாதி திறந்தபடி புதைந்து நிற்கின்றன. சுவரின் நீலச் சாயம் இன்னும் உரிந்து முடியவில்லை. குடிதண்ணீரைக் கப்பலில் கேப்டவுனிலிருந்து வரவழைத்த ஊர் இது. ஐஸ் தொழிற்சாலைகூட வைத்திருந்தார்கள். எல்லாம் வைரக் காசு. 1908-இல் தண்டவாளத்து மணலை அள்ளும்போது முதல் வைரக் கல்லைக் கண்டெடுத்தவர் சகரியாஸ் லெவாலா என்ற தொழிலாளி. அவர் அதை மேற்பார்வையாளர் ஆகஸ்ட் ஷ்டாவ்க்கிடம் கொடுத்தார். ஷ்டாவ்க் பெரிய பணக்காரர் ஆனார், லெவாலாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 1956-இல் ஊரே காலி.

எந்த மாதம் போகலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விலங்குகளுக்கு ஜூலை முதல் அக்டோபர் வரை நல்லது. மழை விழுந்துவிட்டால் அவை குட்டைகளை விட்டுக் கலைந்துவிடும். சரளைச் சாலைகளில் வேகம் வேண்டாம், ஸ்டெப்னி இரண்டு வாங்கி வையுங்கள். கோல்மன்ஸ்கோப்புக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானக் காற்றில் மணல் முகத்தில் அறைகிறது.