அவசரப் பிரிவில் செவிலியர் தாக்கப்பட்டால் யார் புகார் அளிப்பது?

கேள்வி (செவிலியர், பெங்களூரு):
நான் இங்குள்ள தனியார் மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் பணிபுரிகிறேன். நெஞ்சுவலியுடன் வந்தவரை முதலில் கவனித்ததற்காக, கை முறிவுடன் காத்திருந்தவரின் உறவினர் எங்கள் செவிலியர் ஒருவரை அறைந்துவிட்டார். நிர்வாகமோ, பெயர் கெட்டுவிடும் என்று சமாதானமாகப் போகச் சொல்கிறது. நாங்களே காவல் நிலையம் செல்லலாமா?

பதில் (வழக்கறிஞர்):
தாராளமாகச் செல்லலாம், சகோதரி. நிர்வாகத்தின் அனுமதி தேவையில்லை. கர்நாடகத்தின் 2009ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவர்களோடு செவிலியர்களையும் செவிலிய மாணவர்களையும் பாதுகாக்கிறது. தாக்கியவருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம், ஜாமீனில் வெளிவர முடியாத குற்றமும்கூட. காயத்தை உடனே மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்யுங்கள். கேமராப் பதிவு நாளடைவில் அழிந்துவிடும் என்பதால், அதைப் பாதுகாக்குமாறு எழுத்து மூலம் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டது பின்னர் எதற்கும் உதவாது.

பதில் (ஓய்வுபெற்ற தலைமைச் செவிலியர்):
சட்டம் அடி விழுந்த பிறகுதான் வருகிறது, அம்மா. பெரும்பாலான தகராறுகள் காத்திருப்பில்தான் தொடங்குகின்றன. வந்த வரிசைப்படி அல்ல, உயிராபத்தின் அளவைப் பொறுத்தே சிகிச்சை என்பதை வாசலிலேயே கன்னடம், தமிழ், இந்தி என அவரவர் மொழியில் விளக்குவதற்கென்றே ஒருவர் இருக்க வேண்டும்; அதையும் ஊசி போடும் செவிலியரின் தலையில் கட்டுவதுதான் (சிக்கனம் என்கிறார்கள்) நம் நிர்வாகங்களின் வழக்கம். நோயாளியுடன் ஒருவரை மட்டும் உள்ளே அனுமதிக்கும் விதியை இரவிலும் தளர்த்தக் கூடாது.

கேட்டவர்:
நன்றி. பதிவைக் கேட்டு இன்றே கடிதம் கொடுக்கிறோம்.