வீட்டில் கட்ட ரெப்ளிக்கா கிட்: செவனா, கோப்ராவா?

அண்ணன்மாரே, மார்த்தாண்டம் பக்கம் வீட்டு ஷெட்டில் கட்ட ஒரு ரெப்ளிக்கா கிட் (பழைய ஸ்போர்ட்ஸ் கார் மாதிரியே நாமே கட்டும் கார்) தேர்வு செய்யணும். 1957-ல் வந்த லோட்டஸ் செவன் மாதிரியா, ஏசி கோப்ரா மாதிரியா?

மனசு செவன் பக்கம்தான். உடம்பு பெரும்பாலும் அலுமினியத் தகடு. மூக்கும் மட்கார்டும் மட்டும் ஃபைபர். கோப்ராவுக்கு முழு உடம்பும் ஃபைபர். அதை வார்த்த மோல்டு கோணினால் கதவு இடைவெளி கடைசிவரை ஒத்துவராது.

இன்ஜினுக்கு மாருதி ஜிப்சி ஜீப்பின் 1298 சிசி யோசனை. நீளவாக்கில் உட்காரும், முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைக் கழற்றிவிட்டு, கியர்பாக்ஸிலிருந்து நேராகப் பின் அச்சுக்கு ஷாஃப்ட் விடலாம். சம்ப் (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) தரையில் இடிக்கும் என்று அதை வெட்டிக் குட்டையாக்கினால் ஆயில் உறிஞ்சும் குழாயையும் அதே அளவு குறைக்கணும். இல்லையென்றால் குழாய் அடியில் முட்டி, ஆயில் ஏறாமல் பேரிங் போய்விடும்.

சேஸிஸ் 25 மி.மீ சதுரக் குழாய், 1.6 மி.மீ கனம். எல்லா மூட்டையும் முதலில் பொட்டுப் பொட்டாக வெல்டு வைத்து, இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்த பிறகே முழு வெல்டிங். ஒரே பக்கம் தொடர்ந்து பிடித்தால் சூட்டில் இழுத்துவிடும்.

நம்ம ஊர் உப்புக்காற்றுதான் பெரிய கவலை. அலுமினியமும் இரும்பும் நேரடியாகத் தொட்டால் ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்து, தகடு அரித்துவிடும். இடையில் சீலன்ட் போதுமா, எபாக்சி பிரைமரும் வேணுமா? குளச்சல், முட்டம் பக்கம் ஃபைபர் வள்ளம் கட்டுகிறவர்கள் மழைக்காலத்தில் கண்ணாடி இழை மேட் ஈரம் இழுக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்?

ரோட்டுப் பதிவுக்கு இல்லை; சொந்த இடத்தில் ஓட்ட மட்டும்தான். செவன் கட்டியவர்கள் பின் அச்சுக்கு எந்த வண்டியுடையதைப் போட்டீர்கள், அகலம் எவ்வளவு குறைத்தீர்கள் என்று அளவோடு சொல்லுங்கள்.